மண்டோர் புரதமும் பால் தேத்தண்ணியும்

எலும்பு ஆராய்ச்சி என்பது, மனிதர்களிடம் ரத்தத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவும் தொழில். மலேசியாவின் ஈப்போவில் ஒன்றரை வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ரத்த மாதிரிப் பெட்டியோடு அலையும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

மண்டோர்

பாக்கியம் ஆன்ட்டிக்கு அறுபத்து மூன்று வயது. ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட, இப்போது ஈப்போவின் புந்தோங் பகுதியில் தனியாக இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் போய்க் காலைச் சந்தையில் இடியாப்பம் விற்பவர். அங்கே ஈரத்தரையில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். லேசாக விழுந்ததற்கே முறிந்தால் அது எலும்புப்புரை. அதாவது, என் ஆய்வுக்குத் தகுதியானவர்.

அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். எலும்புக்குள் பழசைக் கரைக்க ஒரு கூட்டம், புதுசைக் கட்ட ஒரு கூட்டம். கட்டுகிறவர்களைப் பார்த்து "போதும், நிறுத்து" என்று சொல்வது ஸ்கிலெரோஸ்டின் என்ற புரதம். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி, அதாவது மண்டோர் மாதிரி. பெரிய மருந்துக் கம்பெனிகள் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்த யோசனைக்கு ஆன்ட்டி ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டார். "அப்ப அந்த மண்டோர வேலைய விட்டுத் தூக்க வேண்டியதுதானே லா."

சாவி

கட்டுப் பிரித்த அன்று, எனக்கு மேற்பார்வையாளரான டாக்டர் ஆன்ட்டியிடம் சொன்னார்: "கை கூடிருச்சு. ஆனா மத்த எலும்பும் பொக்கைதான். இன்னொரு தடவ விழுந்தா இடுப்பு போயிடும். வாரம் ஒரு மாத்திர. அது வேல செய்யுதுன்னு ரத்தத்துல தெரியட்டும், அப்புறம் மோட்டார்."

மோட்டார் இல்லையென்றால் சந்தை இல்லை. சந்தை இல்லையென்றால் ஆன்ட்டிக்குப் பேச ஆளில்லை. வெளியே வந்ததும் சாவியை என் கையில் திணித்தார். "நீயே வச்சிக்க மா. வீட்டுல கெடந்தா என் கை சும்மா இருக்காது."

தமிழ் எலும்பு

மூன்று மாதம் கழித்தும் எலும்பு கரைவதைக் காட்டும் அளவு இறங்கவில்லை. புந்தோங்கில் இன்னும் நான்கு தமிழ்ப் பெண்களுக்கும் அதே கதை. மற்ற நோயாளிகளுக்கெல்லாம் இறங்கியிருந்தது. எனக்கு ரத்தம் சூடேறியது. நம் பெண்களின் மண்டோர் மரபணுவே வேறு, உலகம் நம்மை ஆராயவே இல்லை என்று நாற்பது பக்கம் எழுதி டாக்டர் மேசையில் வைத்தேன். ஒரு மணி நேரம் வாதாடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மொதல்ல அவங்க மாத்திரய எப்படி முழுங்குறாங்கன்னு போய்ப் பாரு லா" என்றார்.

செவ்வாய்க்கிழமை

ஆன்ட்டிக்கு மாத்திரை நாள் செவ்வாய். அவமானத்தோடு காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். ஆன்ட்டி நான்கு பிஸ்கட்டை முக்கித் தின்றார். பெரிய மக்கில் பால் தேத்தண்ணி. அதிலேயே மாத்திரையை விழுங்கினார். "வெறும் வயித்துல மருந்து போட்டா கொடல் வெந்துரும்" என்று எனக்கே பாடம் வேறு. போச்சு. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரைமணி நேரம் எதுவும் தின்னாமல், படுக்காமல் இருக்க வேண்டும். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டால், அது ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும்.

மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்தேன். மலாய், ஆங்கிலம், எறும்பு எழுத்து. ஏன் தமிழில் இல்லை என்று பொரிந்து தள்ள ஆரம்பித்தவள், அதைக் குறித்துவைக்க ஆன்ட்டியின் ஆய்வுக் கோப்பைத் திறந்தேன். "உட்கொள்ளும் முறை விளக்கப்பட்டது" என்ற கட்டத்தில் ஒரு டிக். கீழே என் கையெழுத்து. ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். "மண்டோர் கதையெல்லாம் நல்லாத்தான் சொன்ன. தண்ணியில முழுங்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

மறுபடி சாவி

மற்ற நான்கு வீட்டிலும் அதே தேத்தண்ணிதான். ஐந்து பேருக்கும் தமிழில், பெரிய எழுத்தில், நானே எழுதி அலமாரியில் ஒட்டினேன். அடுத்த மூன்று மாதத்தில் அளவு இறங்கியது, ஐந்து பேருக்கும். டாக்டர் தலையாட்டியதும் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆன்ட்டி ஒரே உதையில் மோட்டாரைக் கிளப்பினார். "ஏறு மா, பஸ் ஸ்டாண்டுல விடுறேன். மெதுவாதான் போவேன், ஒன் பெட்டி ஒடஞ்சிரும்."

தமிழ் எலும்பைப் பற்றிய என் நாற்பது பக்கமும் குப்பைக்குப் போய், ஆய்வேட்டில் மிஞ்சியது "வெறும் தண்ணீர்" என்ற ஒரு வரிதான்.