நோன்பின் மேல் விழுந்த பழி

என் கணவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்து, ஆண் ஹார்மோனை அடக்க ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்த பிறகு, கொஞ்ச காலம் வீடு ஒழுங்காகத்தான் ஓடியது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். காலையில் அதை விழுங்கிவிட்டு, டிபன் எப்போது வரும் என்று அடுப்படியை எட்டிப் பார்த்தபடி இருப்பார்.

ஆம்பூர்த் தோல் கம்பெனியில் மெஷின் ஓட்டியவர். பிடித்தால் பிடித்ததுதான். ரமலான் வந்ததும் நோன்பு வைப்பேன் என்று நின்றார். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொன்னார், காதில் ஏறவில்லை. மாத்திரையை இரவுத் தொழுகைக்குப் பிறகு என்று மாற்றிக்கொண்டார். சாப்பிட்டு எவ்வளவு நேரம் விட்டுப் போட்டாரோ, யார் கண்டது!

பெருநாள் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், அடங்கிக் கிடந்த பிஎஸ்ஏ ஏறியிருந்தது. நோய் மறுபடி கிளம்புவதை அதை வைத்துத்தான் சொல்வார்கள். அடுத்த முறை இன்னும் ஏறியது. நான் விடவில்லை.

"நான் இன்னா சொன்னேன்? கேட்டீங்களா?" என்று சோறு போடும்போதெல்லாம் ஆரம்பித்தேன். பதிலுக்குப் பதில் பேசுகிற மனிதர், தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

வேலூர் ஆஸ்பத்திரியில் வேறொரு ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். முடிவு வந்த அன்று, டாக்டரம்மா வாயைத் திறக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார்.

"நோன்பு வச்சேன் டாக்டர். மாத்திர நேரம் மாறிப்போச்சு. என் தப்புதான்."

"அதனால வரலீங்க ஐயா. ஒழுங்கா போட்டவங்களுக்கும் இப்படி ஆவுது" என்றார் டாக்டரம்மா. பிறகு பொறுமையாக விளக்கினார். புற்றுநோய் செல்லுக்குள் ஹார்மோன் போய் ஒட்டுகிற ஒன்று இருக்கிறதாம். ரிசெப்டர் என்று பெயர். ஹார்மோன் ஒட்டினால்தான் அது செல்லை வளரச் சொல்லும். மாத்திரை ஹார்மோனை நிறுத்தி வைத்திருந்தது. இப்போது சில செல்களில் அந்த ரிசெப்டரே வேறு மாதிரி உருவாகியிருக்கிறது. ஒட்டுகிற பகுதியே அதில் இல்லை. ஹார்மோன் வராமலே வளரச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"மாத்திர அதோட வேலைய செஞ்சிச்சு. இதுக்கு ஹார்மோனே வேணாம். டிரிப்ஸ்ல ஏத்துற மருந்து இருக்கு, ஆரம்பிக்கலாம். எவ்வளவு கேக்கும்னு போகப் போகத்தான் தெரியும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனியாவது தலை நிமிர்ந்து சாப்பிடுவார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், "கேட்டீங்கல்ல? உங்க தப்பு இல்லியாம்" என்றேன்.

"என் தப்பாவே இருந்திருக்கலாம்" என்றார். "இனிமே நோன்ப விட்டுட்டு, நேரத்துக்கு மாத்திர போட்டா அது எறங்கிடும்னு இருந்தேன்."

நானும் அதைத்தான் நம்பியிருக்கிறேன். அதனால்தான் அத்தனை திட்டு. திட்டியே பிழைக்க வைத்துவிடலாம் என்று இருந்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.