லா சப்பலில் ஒரு மடக்குமேசை

ஆள் சேர்ப்பவனின் வேலையில் பாதி நிற்பது. மீதிப் பாதி, நம்மைக் கண்டதும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது. தெருமுனையில் நின்று துண்டுச்சீட்டு நீட்டியவர்களுக்கும், வீடு வீடாக ஏறிப் பொருள் விற்றவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாண்டிச்சேரியில் எங்களைச் 'சொல்தா வீட்டார்' என்பார்கள். தாத்தா, அப்பா, நான் என்று மூவரும் பிரெஞ்சுப் படையில் இருந்தோம். எங்கள் தெருவில் சீருடை என்றால் மரியாதை, பிறகு ஓய்வூதியம். லாரிப் பழுது பார்க்கும் பிரிவில் இருபத்தேழு வருடம் இருந்துவிட்டு, அட்ஜுதான் பதவியில் ஓய்வுபெற்றேன். மனைவி இறந்தாள். மகன் துலூஸில் இருக்கிறான். பாரிஸை ஒட்டிய எபினே-சூர்-செய்னில் இரண்டு அறை வீட்டில் நான் மட்டும். ரிசர்வ் பட்டியலில் பெயர் இருந்ததால் ஒருநாள் தொலைபேசி வந்தது: ஆறு மாதம் மறுபடி பணிக்கு வர முடியுமா, படைக்கு ஆள் சேர்க்க, தமிழ் பேசுகிற பகுதியில்? யோசிக்காமல் சரி என்றேன். என்னோடு யாரும் பேசாத நான்காவது நாள் அது.

கடிதம்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில், ஒரு மளிகைக் கடைக்குப் பக்கத்தில் மேசையை விரித்தேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு முதல் ஆள் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பையிலிருந்து, வதிவிட அனுமதி தரும் ப்ரெஃபெக்த்யூர் அலுவலகத்தின் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். சீருடை போட்ட தமிழன் என்றால் விசாக் காரியம் பார்ப்பவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். வாசித்துச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை ரான்தெவூ, நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்; இரண்டு புகைப்படம் வேண்டும். மறுநாள் அவர் சொல்லி மூன்று பேர் கடிதங்களோடு வந்தார்கள். ஒருவர்கூட என் துண்டுப்பிரசுரத்தைத் தொடவில்லை. கூட வந்த கிழவர் மட்டும் ஒன்றை எடுத்து, படத்தில் இருந்த துப்பாக்கியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"நீர் நல்ல பிள்ளை, தம்பி. உந்தச் சட்டையைக் கழட்டிப்போட்டு வேறை நல்ல வேலையாப் பாரும்."

எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

பிளேன்ரீ

மளிகைக் கடைக்காரர் பண்பானவர். இரண்டாம் வாரம் அவரே பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். மழை, முருங்கைக்காய் விலை என்று ஏதேதோ பேசினார். எனக்கு அது போதுமாக இருந்தது; மெதுவாகக் குடித்தேன். கோப்பையை வாங்கிக்கொண்ட பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை, மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ. பிள்ளையளோடை வாற தாய்மார் கடைக்குள்ளை வரப் பயப்பிடுகினம். ஊரிலை சண்டைக்கு ஆள் பிடிச்ச காலத்திலையும் முதல்லை மேசைதான் போட்டவங்கள்."

உங்கள் ஆட்கள்

இதை என் மேலதிகாரியான கப்பித்தேனிடம் சொன்னேன். அவர்கள் யாழ்ப்பாணம், நான் பாண்டிச்சேரி, அவர்கள் போரிலிருந்து தப்பி இங்கே வந்தவர்கள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரிலிருந்த வரைபடத்தில் லா சப்பல் மீது விரலை வைத்தார்.

"அவர்கள் பேசுவது உங்களுக்குப் புரிகிறது அல்லவா, அட்ஜுதான்? எங்களுக்கு அது போதும்."

அபிரா

மூன்றாம் மாதம் அபிரா என்ற பெண் நேராக மேசைக்கு வந்தாள். பதினேழரை வயது. நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொன்னாள். ஹெலிகாப்டர் எஞ்சின் பழுதுபார்க்கப் படிக்க வேண்டும் என்றாள். அடுத்த இரண்டு மாதங்களில் பரீட்சைகள் எல்லாவற்றிலும் தேறினாள். பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. பதினெட்டு நிறையாததால் பெற்றோர் கையொப்பம் தேவை. தகப்பன் உயிரோடு இல்லை. தாய் போட வேண்டும், மாத முடிவுக்குள். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஊரில் சண்டைக்கு ஆள் பிடித்தவர்கள் தாயின் தம்பியைப் பதினேழு வயதில் வீட்டுக்குள் வந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு செய்தி இல்லை.

"அம்மா ரொம்பக் கோபப்படுகிறார்களா?" என்று கேட்டேன். முதல்முறையாகத் தமிழில் பதில் சொன்னாள்.

"கோவிச்சாப் பரவாயில்லை. அவ சாப்பிடுறதை விட்டிட்டா."

பூட்ஸ்

ஓல்னே-சூ-புவாவில் அபிராவின் வீடு, நான்காவது மாடி. சாதாரண உடையில் போயிருக்க வேண்டும். விதிப்படி சீருடையில் போனேன். கதவைத் திறந்த அந்த அம்மா உள்ளே வரச் சொல்லவில்லை, கதவைச் சாத்தவுமில்லை. வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்ததும் குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினேன். கணுக்காலுக்கு மேல் வரை கயிறு, ஒன்பது துளை, என் முதுகு வேறு வளையாது. கடைசியில் தரையிலேயே உட்கார்ந்தேன். ஒரு பூட்ஸ் கழன்றது. மற்றதில் முடிச்சு இறுகிவிட்டது. அவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்டைக்கு வந்தவங்கள் கழட்டேல்லை" என்றார்.

பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்து கொடுத்தார். தேநீரும் தந்தார். படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கயிறு அறுந்த பூட்ஸோடு இறங்கி வந்தேன்.

நிபந்தனை

மாதத்தின் கடைசி வேலைநாள். பணி முடிந்து, துப்புரவு நிறுவனத்தின் நீல மேலங்கியோடு அந்த அம்மா மேசைக்கு வந்தார். படிவம் நான்காக மடிக்கப்பட்டிருந்தது, கையொப்பம் இல்லை.

"ஏதும் நடந்தா ஆர் வந்து சொல்லுவினம்?"

அதற்கென்று ஓர் அதிகாரி நேரில் வருவார் என்றேன்.

"தெரியாத ஆக்கள் வேண்டாம். நீங்கள் வாங்கோ. என்ரை தம்பியைப் பற்றி ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. இண்டு வரைக்கும் கதவு மணி அடிச்சா நெஞ்சு திக்கெண்டுது."

என் ஒப்பந்தத்தில் பதினொரு நாள்தான் மீதி என்பதைச் சொன்னேன். அவர் அசையவில்லை. சட்டை போனால் என்ன, ஆள் இருப்பீர்கள்தானே என்பதுபோல் பார்த்தார். "ஓம்" என்றேன். பேனாவை வாங்கி, தன் பெயரைத் தமிழில் முழுதாக எழுதினார். போகத் திரும்பியவர் நின்றார்.

"சும்மா நாளிலையும் வாங்கோ அண்ணை. அப்பதான் உங்களைக் கண்டா நான் பயப்பிடமாட்டன்."

ஆறு மாதத்தில் நான் சேர்த்தது ஒருத்தியைத்தான் என்று என் கோப்பில் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னைச் சேர்த்துக்கொண்டது எந்தக் கோப்பிலும் இல்லை, அதற்கு முடிவுத் தேதியும் இல்லை.