அசையாதவர் படம்

அப்போது சின்னமனூரில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். யுத்த காலம், புது லென்ஸ் கிடைக்காது. மேகமலை எஸ்டேட் துரை ஒருவரிடம் பழைய லென்ஸ் வாங்கினேன். வேறு கம்பெனி கேமராவுக்குச் செய்தது. ஆனாலும் என் கேமராவில் மரை சரியாக ஏறியது.

அனுமந்தன்பட்டியில் ஒருவர் இறந்துபோனார். உடலை நாற்காலியில் உட்காரவைத்து, உறவுகள் பின்னால் நிற்க, படம் எடுக்க அழைத்தார்கள். வீட்டுக்குள் இருட்டு, லென்ஸை முழுதாகத் திறந்தேன். கேமராவின் பார்வைத் துளையில் இரண்டாகத் தெரியும் உருவம், தூரம் சரியானால் ஒன்றாகும்; அவர் முகம் ஒன்றாகப் பொருந்தியது. ஃபோகஸ் சரி என்று நம்பினேன்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் பின்னால் நின்றவர்கள் தெளிவு. அவர் முகம் மட்டும் கலங்கல். கேமரா ஒரு தூரம் காட்ட, லென்ஸ் வேறு தூரத்தைப் பிடித்திருக்கிறது. சோதிக்காதது என் தப்பு.

"மொகம் ஏன் இப்பிடி கலங்கிக் கெடக்கு?" என்றார், படத்தை வாங்கிப் பார்த்த அவர் மனைவி.

படம் கெட்டால் எல்லாரிடமும் சொல்லும் பதில் வாயில் வந்துவிட்டது: "அசைஞ்சுட்டாக, ஆத்தா."

அவர் கையிலிருந்து படம் நழுவியது. "அசைஞ்சாகளா? அப்ப உசுரு இருந்துச்சா? உசுரோடயா எரிச்சோம்?"

லென்ஸைக் கழற்றிக் காட்டி உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. அதே நாற்காலியில் அம்மிக் குழவியை வைத்து, அதே லென்ஸில் எடுத்து, மறுநாள் கொண்டுபோனேன். குழவியும் கலங்கியிருந்தது.

"கல்லு அசையாதுல்ல?" என்றார்.

"அசையாது, ஆத்தா."

அடுத்த சந்தை நாளில் என் ஸ்டுடியோவுக்கு வந்து, கல்லு அசையாதுல்ல என்று அதையே கேட்டார். அதற்கடுத்த சந்தையிலும் கேட்டார்.

லென்ஸைக் குழவிப் படம் எடுத்த அன்றே கழற்றி எறிந்துவிட்டேன். அசைந்தார் என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.