வெள்ளி பூசிய நடைவண்டி

பட்டாசு விபத்தில் இறந்த என் நண்பனின் மகளுக்கு, அவள் நடை பழகும் வயதில், வேப்பம் பலகையை இழைத்து ஒரு நடைவண்டி செய்தேன். பளபளக்கட்டுமே என்று, எங்கள் பட்டாசுக் கம்பெனியிலிருந்து, மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி கொஞ்சம் கொண்டுவந்து வார்னிஷில் குழைத்துப் பூசினேன். நன்றாகக் காயும்வரை பொறுக்காமல் அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குழந்தை வண்டியைப் பிடித்து நாலு எட்டு வைத்து விழுந்தாள். ஓடிவந்து தூக்கிய அவள் அம்மா, குழந்தையின் உள்ளங்கைகளைப் பார்த்து அப்படியே நின்றாள். இரண்டும் வெள்ளியாக மின்னின.

“வேல விட்டு வாரப்ப அவுக கையும் இப்பிடித்தாண்ணே இருக்கும்” என்றவள், தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்க்கத் தொடங்கினாள். குழந்தை வீறிட்டு அழுதும் விடவில்லை.

வண்டியை வாங்கிவந்து, வெறும் மரம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தேன். இன்றுவரை, வேலைவிட்டு வரும்போது கையைக் கழுவாமல் அவள் வீட்டை நான் கடந்ததில்லை.