பூஜைக்கு மெருகேறிய டயர்கள்

பந்தயக் காருக்குப் புது டயர் மாட்டியவுடன் முழு வேகத்தில் விரட்டக் கூடாது. முதல் ஓட்டத்தில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். பிறகு ஒரு முழு நாள் நிழலில் ஆறவிட வேண்டும். அப்போதுதான் ரப்பர் தாக்குப்பிடிக்கும். பெரம்பலூரில் உரக்கடை வைத்திருந்த என் கணவர், ஆண்டுக்கு ஓரிரு முறை சென்னைப் பக்கம் நடக்கும் பந்தயங்களில் ஆசைக்கு ஓட்டுபவர். டயர் பழக்கும் பொறுமை மட்டும் அவரிடம் இல்லை. அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளம்புமுன் என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்துகொள்வார்.

மென்மையான ரப்பர் சாலையைப் பற்றிக்கொள்ளும், ஆனால் வெயிலில் விரைந்து தேயும். கெட்டியானது உழைக்கும், ஆனால் பிடிப்புக் குறைவு. கடைசி முறை வெகுநாள் யோசித்து மென்மையானதையே எடுத்தார். அவற்றையும் நான்தான் பழக்கினேன். அவை நிழலில் ஆறிக்கொண்டிருந்த பிற்பகலில், கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் மருத்துவமனை போய்ச் சேரவில்லை.

காரையும் டயர்களையும் திருமானூரிலிருந்த கொழுந்தனார் கொண்டுபோய்ப் பாதுகாத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அதே காரோடு வந்து நின்றார். அண்ணனுடைய டயர்களிலேயே பந்தயம் ஓட்டப்போவதாகச் சொன்னார்.

"அண்ணன் பாத்துப் பாத்து எடுத்தது அண்ணி. புதுசாட்டமே வச்சிருக்கேன், பாருங்க."

டயர்கள் அளவுக்கு மீறிப் பளபளத்தன. "என்ன போட்டீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"பாலிஷ்தான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கழுவி, பாலிஷ் போட்டு, சந்தனம் குங்குமம் வச்சிருவேன்."

"பக்கவாட்டுல மட்டுமா?"

"சாமி காரியத்துல பாதி பண்ணிட்டு மீதிய வுடுவாங்களா அண்ணி? சுத்திச் சுத்தித் தேச்சேன்ல!"

தரையைத் தொடும் பகுதியில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தடம் பதியவில்லை. நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். சிறுவாச்சூரைத் தாண்டி ஆளில்லாத கிளைச் சாலையில் நிதானமாகத்தான் சூடேற்றினேன். ஒரு வளைவில் காரின் பின்பக்கம் தானாக விலகி, சாலையோரப் புளியமரத்தை நோக்கி இழுத்தது. காலைத் தளர்த்தி வண்டியை மீட்டேன். பக்கத்தில் அமர்ந்திருந்த கொழுந்தனார் கதவுப் பிடியைப் பற்றியிருந்தார். நான் பயப்படவில்லை, பயப்பட வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது.

"மண்ணு கெடந்திருக்கும்," என்றார்.

"மண்ணு இல்ல. ரப்பர் இறுகிப் போச்சு, பாலிஷ் வேற ஊறிக் கெடக்கு. இதுல வேகமாப் போனா வண்டி நிக்காது தம்பி. வேணாம்."

"அண்ணன் எடுத்ததத் தூக்கிப் போடச் சொல்றீங்களா? எப்படி அண்ணி உங்களுக்கு மனசு வருது?"

வருந்துகிறேனா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். பூட்டிய கடைக்குள் எட்டிப் பார்ப்பது போலிருந்தது. வீட்டில் காத்திருக்கும் என் ஓரகத்தியின் முகம் மட்டும் நினைவுக்கு வந்தது.

"நம்ம வூட்ல நான் ஒருத்தி போதும் தம்பி."

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் ஜாக்கி வைத்து நான்கையும் அவரே கழற்றி, சுவரோரம் அடுக்கினார். கைகளை நெடுநேரம் துடைத்தார்.

"புதுசு எடுத்தா பழக்கிக் குடுப்பீங்களா?"

"எடுத்துட்டு வாங்க."

"எது எடுக்கட்டும்? மெத்துனு இருக்கறதா?"

"கெட்டியானது. பிடிப்புக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சுக்குங்க."

"அப்பறம் எங்க ஜெயிக்கிறது? கடைசியா வந்தா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அவர் திருச்சிக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். எதிர்முனையில் இருந்தவர் மென்மையானதையே சிபாரிசு செய்திருக்க வேண்டும். வாசலில் கொழுந்தனாரின் குரல் உயர்ந்தது.

"இல்லங்க, கெட்டியானதே குடுங்க. எங்க அண்ணி சொல்லிட்டாங்க."