மேடையில் ஒலித்த என் குரல்

கல்லூரிகள் மூடிக் கிடந்த காலத்தில்தான் எங்கள் துறைத்தலைவரோடு எனக்கு முட்டிக்கொண்டது. இன்றுவரை தீரவில்லை. தீர வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

நான் பொருளாதாரம் நடத்துகிறேன். ஆன்லைன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. கருங்குழியிலிருந்து ஒரு மாணவி கூப்பிட்டாள். “மேடம், வீடியோ சுத்திகினே கீது, ஓடவே மாட்டேங்குது. அப்பா வேலைக்குக் கிளம்புனா போனும் அவரோட போயிடுது.”

மறுநாளிலிருந்து பாடத்தைச் சின்னச் சின்ன ஆடியோவாகப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஊரப்பாக்கத்தில் என் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. ரயில் போனால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். பிள்ளைகள் போன் கைக்கு வந்ததும் கேட்டுவிட்டு, தங்கள் குரலிலேயே சந்தேகம் அனுப்பினார்கள்.

துறைத்தலைவருக்குப் பொறுக்கவில்லை. “இது கிளாஸா, ரேடியோவா? கேமராவைப் போட்டு உட்காருங்க” என்றார். மெமோவும் கொடுத்தார்.

பிறகு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு. இணையவழிக் கற்பித்தலில் நல்ல நடைமுறைகளைக் கல்லூரிகள் பகிர்ந்துகொள்ள வேண்டுமாம். எங்கள் துறைத்தலைவர் மேடையேறி, “நான் உருவாக்கிய முறை” என்று ஆரம்பித்து, மாதிரிக்கு ஒரு ஆடியோவை ஓடவிட்டார். என் குரல். பக்கத்தில் இருந்த சக ஆசிரியை என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வேறு கல்லூரி ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுதான்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

துறைத்தலைவர் ஆடியோவை மறுபடி ஓடவிட்டார். பிள்ளைகள் அனுப்பிய ஆடியோக்களில் ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை.

எழுந்தேன். “நான் சொல்றேன். அது என் குரல்.”

“டிபார்ட்மென்ட் வேலை எல்லாருக்கும் பொது மேடம். உட்காருங்க.”

“பொதுன்னா மெமோ மட்டும் ஏன் சார் என் பேருக்கு வந்துச்சு?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் அவசரமாக டீ இடைவேளை அறிவித்தார். சான்றிதழைத் துறைத்தலைவர்தான் வாங்கினார். அந்த முறை பற்றிய கட்டுரையும் அவர் பெயரில்தான் அச்சானது.

மன்னிப்புக் கடிதம் கேட்டார் கல்லூரி முதல்வர். “செய்யாத தப்புக்கு எழுத மாட்டேன்” என்றேன். அதற்குத் தண்டனையாக எனக்குக் கிடைத்தது, தினமும் காலை முதல் வகுப்பும் மாலைக் கடைசி வகுப்பும். போய்க்கொண்டிருக்கிறேன். வராந்தாவில் எதிரில் வந்தால் துறைத்தலைவர் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். நான் வணக்கம் சொல்வதில்லை.