பெட்ரோலுக்கு ஒரு மருந்து

பெட்ரோல் வாசனையோடு அந்துருண்டை வாசனையும் கலந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் மூக்கைச் சுளிக்கத் தோன்றும், கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வரும். இரண்டில் எது முதலில் வருகிறது என்று இத்தனை வயதுக்குப் பிறகும் என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற, அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் பழைய பைக் அப்படித்தான் மணக்கும். அதன் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பாம்பன் பாலம் தாண்டிப் போய், உச்சிப்புளிப் பக்கத்து ஊர்களில் அய்யா மீன் விற்று வந்தார்.

பைக்குக்கு ஒரு சீக்கு இருந்தது. பாலத்தின் நடுமேட்டில் ஏறும்போது இருமி இருமி நின்றுவிடும். வீட்டில் அதற்கு வைத்தியம் பார்க்காதவர் கிடையாது. ராமநாதபுரம் கடைத்தெருவிலிருந்து அய்யா விரல் நீளக் குப்பி ஒன்றை வாங்கி வருவார். உள்ளே நீலமாக ஏதோ இருக்கும். பெட்ரோலில் கலந்தால் இஞ்சின் சுத்தமாகும், இழுவை கூடும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதற்கு அய்யா வைத்த பெயர் "மருந்து". லாரி ஓட்டிய என் தாய்மாமாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. துணிப்பெட்டியில் போடுகிற அந்துருண்டையை நுணுக்கி டேங்கில் போட்டால் வண்டி பறக்கும் என்று சொல்லி அவரே போட்டும்விடுவார். அம்மா போட்டதுதான் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். அந்தோனியார் கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த எண்ணெயை டேங்கில் நாலு சொட்டு விட்டு, மூடி மேல் சிலுவை போடுவார். அந்தக் கால வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்துதான் ஆகவேண்டும்; அது எந்த எண்ணெயாக இருந்தால் என்ன என்பது அவர் நியாயம்.

"புள்ளைக காச்சலுக்கே கேக்குற எண்ணெ, இந்த இரும்புக்குக் கேக்காதா?" என்று என்னிடம் மட்டும் கேட்பார்.

என் அக்கா ஜெசிந்தாவுக்கு நர்ஸ் படிப்புக்கு நேர்முகம் வந்த அன்று பார்த்து பஸ் ஸ்டிரைக். காலை ரயிலும் போய்விட்டிருந்தது. ராமநாதபுரத்துக்கு நேரத்தில் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அக்கா இறால் கம்பெனியில் தோல் உரிக்கத்தான் போகவேண்டும். அய்யா மீன் பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதல்நாளே மூன்று வைத்தியமும் ஒன்றாக டேங்குக்குள் போயிருந்தன. அம்மா அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. பாலத்தின் பக்கமே பார்த்துக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இருவரும் திரும்பி வந்தார்கள். அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. "வண்டி எங்கனயும் நிக்கலயா?" என்று அம்மா கேட்க, "நிக்குமா? மருந்துல்ல போட்ருக்கேன்" என்றார் அய்யா. அந்தச் சந்தோஷத்தில், அக்காவின் செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்ததை யாரும் விசாரிக்கவில்லை.

அன்று தொடங்கிய சண்டை பல வருஷம் ஓடியது. அம்மா எண்ணெயை வெளிப்படையாகவே சொல்லி உரிமை கொண்டாடினார். மாமா அந்துருண்டையை விடவில்லை. அய்யா குப்பியை உயர்த்திக் காட்டுவார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஊரார் சிரித்தார்கள். எனக்கோ, யார் பேசினாலும் அவர் பக்கமே உண்மை இருப்பதுபோலத் தோன்றும்.

அய்யா இறந்து நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "ஏடி, நேர்முகத்துக்குப் போன அன்னைக்கு வண்டி நின்னுச்சு. நடுப்பாலத்துல. அய்யாவும் நானுந்தான் மேடு வரைக்கும் தள்ளுனோம். இறக்கத்துல ஏறி உக்காந்து கியரைப் போட்டாரு, புடிச்சுக்கிருச்சு."

"பெறகு ஏன் யாருமே சொல்லல?"

"அவருதான் தள்ளிக்கிட்டே சொன்னாரு. 'அம்மாட்ட நின்னுச்சுன்னு சொல்லிராத தாயி. அவ எண்ணெ ஊத்திருக்கா'ன்னு."

எண்ணெய் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வண்டி நின்றதை அம்மாவுக்காக மறைத்திருக்கிறார். அப்படியானால் அதே அம்மாவோடு மருந்துதான் இழுத்தது என்று அத்தனை வருஷம் ஏன் மல்லுக்கட்டினார்? இறக்கத்தில் வண்டி பிடித்துக்கொண்டதற்காவது மருந்துதான் காரணம் என்று உண்மையிலேயே நம்பினாரா? அக்காவுக்கும் தெரியவில்லை. கேட்க அவரும் இல்லை.

அந்த மாதிரி வண்டிகளும் இப்போது தெருவில் இல்லை. அய்யாவின் பைக் பழைய இரும்புக்குப் போய்விட்டது. என்னுடைய ஸ்கூட்டருக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்கிறார் மெக்கானிக். செல்போனில் பார்த்தால் பாதிப் பேர் "போடு" என்கிறார்கள், பாதிப் பேர் "வீண்" என்கிறார்கள். போன வாரம் ராமநாதபுரம் பெட்ரோல் பங்கில், அதேபோல ஒரு சின்னக் குப்பியைக் காட்டி, "ஊத்தவாக்கா? இழுவ நல்லாருக்கும்" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஊத்துங்க" என்று வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பும்போது வண்டி கொஞ்சம் நன்றாக ஓடியதா, எப்போதும்போல ஓடியதா, சொல்லத் தெரியவில்லை. பாலத்து மேட்டில் அது நிற்கவில்லை. நான்தான் நிறுத்தி இறங்கி, மேடு முடியும் வரை அதைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.